படிக்கட்டை எங்கே வைப்பது? 30 × 40 மனையில் நாங்கள் போட்டுப் பார்த்த மூன்று கணக்குகள்

திருச்சிக்கு வெளியே எங்களுக்கு இரண்டே முக்கால் சென்ட் மனை இருக்கிறது. 30 அடிக்கு 40 அடி, மொத்தம் 1,200 சதுர அடி. தெரு மனைக்கு மேற்கே இருக்கிறது, அதனால் மேற்கு பார்த்த வாசல். குடியிருக்கப் போவது ஐந்து பேர்: அம்மா, நான், மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். ஆறு மாதமாக பிளான் போடுகிறோம், அழிக்கிறோம், திரும்பப் போடுகிறோம். பூஜைக்குத் தனி அறையா அலமாரியா, சமையலறையைத் திறந்த மாதிரி வைப்பதா சுவர் எழுப்புவதா என்று எதைப் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து முட்டியது. மாடிப்படி எங்கே?

சின்ன வீட்டில் இந்தக் கேள்வியை முதலில் முடித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அறைகளுக்கு நடுவே இருக்கும் நாலரை அங்குலச் சுவரைப் பிறகு இடித்து நகர்த்திக்கொள்ளலாம். பில்லர் போட்ட கட்டிடத்தில் அது பெரிய காரியம் இல்லை. படிக்கட்டு அப்படி இல்லை. அதற்கு அஸ்திவாரத்திலேயே இடம் வேண்டும், பீம் அதைச் சுற்றி ஓட வேண்டும், மேல் தளத்தில் அதற்கென்று திறப்பு விட வேண்டும். கான்கிரீட் போட்ட பிறகு மனம் மாறினால் திரும்ப வழியே கிடையாது.

அதோடு, படி எவ்வளவு இடம் விழுங்கும் என்பது பேப்பரில் பார்க்கும்போது தெரிவதே இல்லை. எங்கள் கணக்கைச் சொல்கிறேன். முன்னால் 5 அடி, மற்ற மூன்று பக்கமும் 3 அடி விட்டால் கட்ட மிஞ்சுவது 24க்கு 32, அதாவது 768 சதுர அடி. சுற்றி ஒன்பது அங்குலச் சுவர் 80 சதுர அடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். உள்சுவர்களுக்கு இன்னும் ஒரு 25. ஆக, கால் வைத்து நடக்கக் கிடைப்பது சுமார் 660 சதுர அடிதான்.

இப்போது படி. உள்ளே 10 அடி உயரம், அதன் மேல் 5 அங்குலத் தளம் என்றால் ஏற வேண்டியது 125 அங்குலம். ஒரு படி 7 அங்குல உயரம் என்று வைத்தால் 18 உயரம் வரும். பாதியில் திரும்பி ஏறும் படியாக இருந்தால் ஒவ்வொரு பக்கமும் 9 உயரம், 8 மிதி (கால் வைக்கும் பரப்பு). மிதி 10 அங்குலம் என்றால் ஒரு பக்க நீளம் 6 அடி 8 அங்குலம். திரும்பும் இடத்துக்கு 3 அடி, கீழே ஏறத் தொடங்கும் இடத்தில் நிற்க 3 அடி. அகலம் 3 அடியாக இரண்டு வரிசை, நடுவில் சின்ன இடைவெளி, மொத்தம் ஆறேகால் அடி. பெருக்கிப் பார்த்தால் 80 சதுர அடி. ஒரு சமையலறை அளவு. சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று ஒப்பந்தம் பேசியிருந்தால் இரண்டு லட்சம் ரூபாய் இடம்.

வயதானவர்களுக்காகப் படியை 6 அங்குல உயரமாகவும் மிதியை 11 அங்குலமாகவும் வைத்தால் 21 உயரம் வரும், நீளம் இன்னும் இரண்டரை அடி கூடும். நல்ல படிதான், ஆனால் எங்கள் மனைக்கு அது கட்டுப்படியாகவில்லை. தேசியக் கட்டட நெறிமுறை வீடுகளுக்குப் படியின் உயரம் 19 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது, மிதி 25 செ.மீ.க்குக் குறையக் கூடாது என்கிறது. ஏழரை அங்குலம், பத்து அங்குலம். இடத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று மேஸ்திரி எட்டு அங்குலம் ஏற்ற வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இருபது வருஷம் முட்டி வலியோடு ஏறப்போவது நாம்.

வெளியே படி

எங்கள் பகுதியில் பத்து வீட்டில் எட்டு வீடு இப்படித்தான் இருக்கிறது. வாசலுக்குப் பக்கத்திலோ வீட்டின் ஓரத்திலோ வெளியிலிருந்து நேராக மாடிக்கு ஏறும் படி, அதன் கீழே மோட்டாரும் வண்டியும்.

இதன் பெரிய பலம் பணத்தோடு சம்பந்தப்பட்டது. பெரும்பாலான குடும்பங்களைப் போல நாங்களும் இப்போது கீழ்தளத்தை மட்டும்தான் கட்டி முடிக்க முடியும். மேல்தளம் ஐந்து வருஷமோ எட்டு வருஷமோ கழித்து. அப்போது ஜல்லியும் சிமென்டும் சித்தாளும் வெளிப்படி வழியாகவே ஏறிப் போகலாம், கீழே நாம் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். மேலே கட்டி வாடகைக்கு விட்டாலும் இடைஞ்சல் இல்லை. குடியிருப்பவர்கள் எத்தனை மணிக்கு வந்தாலும் நம் கதவைத் தட்ட வேண்டாம். தனி வழி, தனி சமையலறை, தனி மீட்டர் என்று அது முழு வீடாகவே இருக்கும்.

மொட்டைமாடிக்கும் இதுதான் வசதி. நம் ஊரில் மாடி தினமும் புழங்கும் இடம். துணி காயப்போட வேண்டும், மாசியில் வடாம் பிழிய வேண்டும், டேங்க் கழுவ ஆள் வருவார், கேபிள்காரர் வருவார். யாரும் கூடத்தைத் தாண்டி நடக்க வேண்டியதில்லை.

ஆனால் வெளிப்படி இடத்தை மிச்சப்படுத்தும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த 80 சதுர அடி எங்கிருந்தோ வந்தாக வேண்டும். 768க்குள் வைத்தால் அறை குறையும். பக்கத்தில் விட்ட 3 அடிச் சந்தில் ஏற்றினால் காற்றும் வெளிச்சமும் வருகிற வழி அடைபடும், ஜன்னலுக்கு எதிரே படியின் அடிப்பாகம் தொங்கும். அனுமதி வாங்கிய வரைபடத்தில் இல்லாத படியைப் பின்னால் சந்தில் ஏற்றுவது விதிமீறலும்கூட. 2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டச் சுயசான்று முறையில் உடனே அனுமதி கிடைக்கிறது. வரைபடம் விதிப்படி இருக்கிறது என்று உறுதி சொல்லிக் கையெழுத்துப் போடுவது நாம்தான். அதனால் மேல்தளம் பின்னால்தான் என்றாலும் படியையும் மாடியையும் இப்போதே வரைபடத்தில் சேர்த்துவிடுவது நல்லது.

என்னைத் தயங்க வைத்தது வேறு. என் மாமா வீட்டில் வெளிப்படிதான். ஐப்பசி மழையில் ராத்திரி துணி எடுக்க ஓடியவர் வழவழப்பான கிரானைட் படியில் சறுக்கி இடுப்பெலும்பு உடைந்து மூன்று மாதம் படுத்திருந்தார். அந்தப் படிக்கு மேலே கூரை இல்லை, மிதியில் காடி வெட்டவில்லை. இரண்டும் செய்திருந்தால் அது நடந்திருக்காது என்று இன்றைக்கும் எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது. வெளிப்படி வைப்பவர்கள் தயவுசெய்து மேலே ஒரு தளமோ ஷீட்டோ போடுங்கள், சொரசொரப்பான கல் போடுங்கள், இரண்டு பக்கமும் கைப்பிடி வையுங்கள்.

அப்புறம், மேல்தளத்தையும் குடும்பமே வைத்துக்கொள்வதாக இருந்தால் வெளிப்படி குடும்பத்தை இரண்டாகப் பிரித்துவிடும். பிள்ளை மேலே படிக்கிறான், தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் கதவைத் திறந்து தெருப்பக்கம் வந்து இறங்கி வர வேண்டும். ராத்திரி இரண்டு பூட்டு, இரண்டு சாவி.

ஹாலுக்குள்ளே படி

டூப்ளெக்ஸ் என்று இப்போது எல்லாரும் ஆசைப்படுவது இதைத்தான். பார்க்க அழகு, அதில் சந்தேகமே இல்லை. ஹாலிலிருந்து திரும்பி ஏறும் படி, கண்ணாடிக் கைப்பிடி, மேலே பால்கனி. மழை, வெயில் பயம் இல்லை. ராத்திரி ஒரு கதவைப் பூட்டினால் வீடு முழுக்கப் பத்திரம்.

மேல்தளத்தையும் சேர்த்து ஒரே மூச்சில் கட்டப் பணம் இருக்கிறது, வாடகைக்கு விடும் எண்ணமே இல்லை, வீட்டில் முதியவர் இல்லை என்றால் இதையே எடுங்கள் என்று சொல்வேன். எங்களுக்கு இந்த மூன்றில் ஒன்றுமே பொருந்தவில்லை.

கட்டம் கட்டமாகக் கட்டுகிறவர்களுக்கு உள்படி ரொம்பச் சிரமம். தளத்தில் விட்ட திறப்புக்கு மேல் தலைமறைப்பு அறை கட்டிக் கதவு போட்டே ஆக வேண்டும். தகர ஷீட்டால் மூடி வைத்தவர்கள் வீட்டில் மழைத் தண்ணீர் சுவரோடு இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். பிறகு மேலே வேலை ஆரம்பித்தால் சிமென்ட் மூட்டை எல்லாம் ஹால் வழியாகத்தான் போகும். ஈரத் துணி வாளியும் அப்படியே.

சூட்டையும் யோசிக்க வேண்டும். திறந்த படிக்கட்டு ஒரு புகைபோக்கி மாதிரி. கீழே சூடான காற்று அதன் வழியாக மேலே ஏறும். மேலே ஜன்னல் வைத்துச் சாயங்காலம் திறந்துவிட்டால் கீழ்வீடு நன்றாகக் குளிர்கிறது, இது உண்மையான நன்மை. ஆனால் ஹாலில் ஏசி போட்டால் குளிர் நிற்காது. அந்தத் திறப்பை மூட வழியில்லாத மாதிரி பிளான் போட்டுவிட்டுப் பிறகு திரை கட்டித் தொங்கவிட்ட வீடுகள் நிறைய.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் பட்டது அம்மா. அம்மாவுக்கு 68 வயது, இரண்டு முட்டியும் தேய்மானம். டூப்ளெக்ஸ் வீடுகளில் பெட்ரூமெல்லாம் மாடியில், கீழே ஹாலும் சமையலறையும் பெரியவருக்கு ஒரு சின்ன அறையும். உறவுக்காரர் வீடு ஒன்றில் நான் ஒரு வாரம் தங்கியிருந்தேன். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் எல்லாரும் மேலே போய்விட்டார்கள். டிவி மேலே, பிள்ளைகளின் பேச்சு மேலே. பாட்டி மட்டும் கீழே விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருந்தார். யாரும் அவரை ஒதுக்கவில்லை, எல்லாரும் பாசமானவர்கள்தான். வீட்டின் அமைப்பு அப்படிச் செய்துவிட்டது. அந்த ஒரு வாரத்துக்குப் பிறகு ஹால் படி எங்கள் பட்டியலில் இருந்து விழுந்துவிட்டது.

ரேழிப் படி

மூன்றாவது வழி எங்கள் இன்ஜினியர் சொன்னது இல்லை, அம்மா பிறந்த வீட்டை நினைத்துப் பார்த்தபோது வந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் திண்ணையிலிருந்து நேராகக் கூடத்துக்குள் போக மாட்டோம். நடுவில் ரேழி என்று ஒரு நடை இருக்கும். தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் அதுவரை வரலாம். அதற்கு அப்பால் வீட்டு மனிதர்கள்.

அந்த ரேழியைச் சின்னதாக்கி, படியை அதற்குள் வைத்துவிட்டோம். தெருக்கதவைத் திறந்து உள்ளே வந்தால் 4 அடி அகலத்தில் ஒரு நடை. வலது கைப் பக்கம் மாடிப்படி. நேரே இன்னொரு கதவு, அதைத் திறந்தால் கூடம். அவ்வளவுதான்.

மேலே நாமே இருக்கும் காலத்தில் தெருக்கதவுதான் தலைவாசல், கூடத்துக் கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். அது உள்படி வீடு. மேலே வாடகைக்கு விட்டால் கூடத்துக் கதவைத் தாழிட்டுக்கொள்ளலாம், ரேழி பொதுவழி ஆகிவிடும். அது வெளிப்படி வீடு, நனையாத படியோடு. கட்டுமானம் நடக்கும்போதும் அதே கதவைச் சாத்தி வைத்தால் தூசி உள்ளே வராது. ஏசி போட்டாலும் சாத்திக்கொள்ளலாம். இதற்காக நாங்கள் கூடுதலாகக் கொடுத்த இடம் 24 சதுர அடியும் ஒரு கதவும். செருப்பு வைக்க, குடை மாட்ட எப்படியும் ஒரு இடம் வேண்டுமே, அது இங்கேயே முடிந்தது.

இதிலும் குறை உண்டு. வாடகைக்கு விட்டால் தெருக்கதவு இரண்டு குடும்பத்துக்கும் பொது. ரேழியை யார் கூட்டுவது, லைட் கரன்ட் யார் கணக்கில் என்று முதல் நாளே பேசிவிட வேண்டும். முழுத் தனிமை வேண்டும் என்பவர்களுக்கு வெளிப்படிதான் சரி. கூடமும் கொஞ்சம் சுருங்கியது. 16க்கு 11தான் கிடைத்தது. ஜன்னல் இல்லாமல் விட்டால் ரேழி இருண்டு போகும், அதனால் தெருக்கதவுக்கு மேலே கம்பி போட்ட திறப்பு ஒன்று வைக்கிறோம்.

மேற்கு வெயில்

படியை ரேழிக்கு வலது பக்கம், அதாவது தென்மேற்கு மூலையில் வைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் முடிவில் பாதி இதுதான்.

திருச்சி நிலநடுக்கோட்டிலிருந்து 11 டிகிரிக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருக்கிறது. ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் உச்சிவேளையில் சூரியன் கிட்டத்தட்ட நேர் தலைக்கு மேலே நிற்கும். அந்தச் சமயத்தில் தெற்குச் சுவருக்கு அவ்வளவாக வெயில் படாது, சன்ஷேடே தாங்கிவிடும். சூடு வருவது மேல்தளம் வழியாக. அதற்கப்புறம் மேற்குச் சுவர் வழியாக. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் சாய்ந்து வரும் வெயிலை எந்த சன்ஷேடும் தடுக்காது. அந்தச் செங்கல் சுவர் வாங்கிய சூட்டை இரவு படுக்கும் நேரத்தில் அறைக்குள் விடும்.

இப்போது வாஸ்து என்ன சொல்கிறது என்று பாருங்கள். வீட்டுத் தலைவரின் படுக்கையறை கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில் இருக்க வேண்டும். எங்கள் மனையில் அது தெருவைப் பார்த்த மேற்கு வெயில் மூலை. மே மாதம் அங்கே யாரும் தூங்க முடியாது. அம்மாவுக்கு வாஸ்துவில் நம்பிக்கை உண்டு, அதை மீறிக் கட்டி அவர் மனதை நோகவைக்க எனக்கு விருப்பம் இல்லை. நல்ல வேளையாக அதே வாஸ்து கன்னி மூலை கனமாகவும் உயரமாகவும் இருக்க வேண்டும், படிக்கட்டு தெற்கிலோ மேற்கிலோ வரலாம், ஈசான மூலையான வடகிழக்கில் மட்டும் வரவே கூடாது என்றும் சொல்கிறது. படியும் அதன் மேல் தலைமறைப்பு அறையும் தென்மேற்கில் வந்தால் கனம், உயரம் இரண்டும் ஆயிற்று. வடகிழக்கில் காலை வெளிச்சம் தடையில்லாமல் வரும். நாங்கள் ஐந்து நிமிஷம் ஏறி இறங்கும் இடம் வெயிலை வாங்கிக்கொள்ளும், எட்டு மணி நேரம் படுக்கும் அறை அதன் பின்னால் நிழலில் இருக்கும்.

படியின் மேற்குச் சுவரில் ஜன்னலுக்குப் பதில் காற்றுப் புகும் துளைகள் உள்ள சிமென்ட் ஜாலி வைக்கிறோம். ஆடிக் காற்று மேற்கிலிருந்துதான் வீசும், அதை அடைத்துவிடக் கூடாது. தூசியும் வரும், வாரம் ஒரு தடவை துடைக்க வேண்டியதுதான்.

மற்ற அறைகள் இதற்குப் பிறகு தானாகவே அமைந்துவிட்டன. படியை ஒட்டித் தெற்கில் அம்மா அறை, 11க்கு 10. ஒரே சுவர் என்பதால் மேலேயிருந்து யார் இறங்கினாலும் அம்மாவுக்குச் சத்தம் கேட்கும், அம்மா கூப்பிட்டால் படியில் நிற்பவருக்குக் கேட்கும். அக்னி மூலையான தென்கிழக்கில் சமையலறை. வடகிழக்கில் எங்கள் அறை, அதுவும் 11க்கு 10. வாஸ்து பார்க்கிறவருக்கு இது முழுத் திருப்தி தரவில்லை, அம்மா பரவாயில்லை என்றுவிட்டார். மனையடி சாஸ்திரத்தில் 12 அடி ஆகாது, 10ம் 11ம் நல்லது என்பதால் அளவில் சண்டை வரவில்லை. கட்டட நெறிமுறை வீட்டில் ஒரு அறையாவது 9.5 சதுர மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்கிறது, 102 சதுர அடிதான். எங்களுடையது 110. பிள்ளைகள் மேல்தளம் வரும் வரை கூடத்தில் படுத்துக்கொள்வார்கள்.

படிக்குக் கீழே பாத்ரூம் வைக்கலாம் என்று பலர் சொன்னார்கள். கணக்குப் பார்த்தால் திரும்பும் இடம் தரையிலிருந்து 5 அடி 2 அங்குலம்தான், அதில் கான்கிரீட் கனத்தைக் கழித்தால் நாலே முக்கால் அடிகூட இல்லை. நிமிர்ந்து நிற்க முடியாது. தரையை இறக்கினால் சாக்கடைக்கு வாட்டம் கிடைக்காது. அங்கே வாஷிங் மெஷினும் இன்வெர்ட்டரும் வைப்போம். அம்மாவின் பாத்ரூம் அவர் அறைக்குள்ளேயே, மூன்றடிக் கதவோடு.

சுழல் படியைப் பற்றியும் கேட்டார்கள். ஐந்தடி வட்டத்தில் முடிந்துவிடும், ஆனால் பீரோ ஏறாது, கட்டில் ஏறாது, அம்மா ஏறமாட்டார். மொட்டைமாடிக்கு மட்டும் என்றால் போதும். 20க்கு 60 மாதிரி ஒடுங்கிய மனைக்காரர்கள் திரும்பாத நேர்ப்படியைச் சுவரோரம் போட்டுப் பார்க்கலாம். நடுவில் 3 அடி நின்று இளைப்பாற இடம் விட்டாலும் 16 அடி 4 அங்குல நீளத்தில் முடியும். சுமார் 50 சதுர அடிதான். அகலம் குறைவான வீட்டில் அதுவே நல்ல வழி.

போன ஞாயிற்றுக்கிழமை மனையில் கயிறு கட்டிச் சுண்ணாம்புப் பொடியால் அறைகளை வரைந்தோம். பேப்பரில் பெரிதாகத் தெரிந்ததெல்லாம் தரையில் சின்னதாகத் தெரிந்தது. அம்மா தெருக்கதவு இருக்கும் இடத்திலிருந்து மெதுவாக நடந்து வந்தார். ரேழிக் கோட்டுக்குள் நின்று, "செருப்பை எங்கேப்பா உட்கார்ந்து கழட்டறது?" என்று கேட்டார். எங்களுக்கு யாருக்கும் அது தோன்றியிருக்கவில்லை. கூடத்துப் பக்கமிருந்த கோட்டைக் காலால் அழித்துவிட்டு ஒரு அடி தள்ளிப் போட்டோம். ரேழி 5 அடி ஆனது, சுவரோரம் அம்மா உட்கார ஒரு சின்னத் திண்ணை வரும்.